அழுமூஞ்சியை வளர்த்தவர்

தோற்கப்போகிறோம் என்று தெரிந்த கணத்தில் அவர் கையிலிருக்கிற விளையாட்டு மெஷினை அணைத்துவிடுவார். மேல்பக்கத்தில் இருக்கிற சின்னப் பொத்தானை இடது கட்டைவிரல் தேடிப் போகும். மூன்று எண்ணுவதற்குள் திரை கறுத்துவிடும். பிறகு சாப்பாட்டு டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாத அந்தப் பின்னறையில், "சார்ஜ் போச்சு" என்பார். சார்ஜர் மெஷினில் செருகியபடியே இருக்கும்.

கண்ணாடிக் கடையின் பின்னறை அது. ஆறடிக்கு நாலடி. லென்ஸின் ஓரம் தேய்க்கிற சக்கரம் ஒன்று, தண்ணீர்க் கிண்ணம் ஒன்று, பவர் பார்க்கிற கருவி ஒன்று, அளவுவாரியாகத் திருகாணிகளைப் பிரித்துப் போட்ட பழைய மாத்திரை டப்பாக்கள். இருபத்திரண்டு வருஷமாக இங்கே ஒரே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வயது நாற்பத்தொன்பது. முன்புறத்தில் முதலாளியும், கண் பரிசோதிக்கிற பெண்ணும் வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வார்கள். அளவு எழுதிய துண்டுச்சீட்டு மட்டும் ஒரு சின்ன ஜன்னல் வழியாக இவரிடம் வரும். லென்ஸைப் பிரேமில் உட்காரவைக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கழற்றித் திரும்பத் தேய்ப்பார். "சத்தம் வரலேன்னா பொருந்தலேன்னு அர்த்தம்" என்பார். தொழிலில் அவர் ஏமாற்றியதே இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி வரப்போவது அவருக்கு அவ்வளவு பெருமை சேர்க்கிற சமாசாரம் அல்ல.

தமக்கென்று ஒரு கண்ணாடி செய்து போட்டுக்கொள்ள அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. யாரோ அளவு கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன கண்ணாடி ஒன்று, பவர் ஏறக்குறைய ஒத்துப்போகிறது என்பதால், ஏழு வருஷமாக அவர் மூக்கில் இருக்கிறது. பிரேம் சற்றே பெரிது, குனிந்தால் நழுவும். ஒற்றை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டே வேலை செய்வார். "வந்து கேட்டா கழட்டிக் குடுத்துடப் போறேன்" என்பார். யாரும் வந்து கேட்கவில்லை.

மதியம் ஒன்று இருபதுக்கு டப்பாவைத் திறக்கும்போதே, லென்ஸ் துடைக்கிற துணிக்கு அடியிலிருந்து மெஷினும் வெளியே வரும். இரண்டு உள்ளங்கை சேர்ந்த அளவு, நடுவில் திரை, இரு பக்கமும் பொத்தான்கள். இந்த வயதில் இதை விளையாடுகிறார் என்பது கடையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எல்லோருக்கும் தெரியும். ஜன்னலில் சீட்டை வைப்பதற்கு முன்னால் கண் பரிசோதிக்கிற பெண் ஒரு தரம் இருமுவாள், அவர் மறைத்துக்கொள்ள அவகாசம் வேண்டுமே என்று.

விளையாட்டு ஒன்றும் சிக்கலானது இல்லை. இதுவரை ஐந்து பாகம் வந்திருக்கிறது. மொத்தம் நானூற்றுச் சொச்சம் ஜந்துக்கள். புதரிலும் குகையிலும் தேடிப் பிடித்து, பழக்கி, வரிசையாக நிறுத்தி, மோதவிட வேண்டும். எங்கெங்கோ இருக்கிற மனிதர்களுடைய ஜந்துக்களோடும் மோதலாம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் மெஷினுக்குள் ஒரு அட்டை உண்டு. அதில் எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று தானாகவே பதிவாகும். இவருடைய அட்டையில் வெற்றி மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. தோல்வி, சைபர். அதற்குக் காரணம் அந்தக் கட்டைவிரல்தான். பாதியில் அணைந்த ஆட்டம் எந்தப் பக்கத்திலும் பதிவாவதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். கேரம் ஆடினால் கடைசிக் காய்க்கு முன்னால் அவருக்குப் போன் வந்துவிடும். எந்த வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று மச்சானோடு வாக்குவாதம் வந்தால், தம் வழியிலேயே போய், ஒரு மணி நேரம் பிந்திச் சேர்ந்து, "நடுவுல ஒரு வேலை இருந்துச்சு, அதான் இப்படி வந்தேன்" என்பார். மச்சான் நல்ல மனிதர். என்ன வேலை என்று கேட்டதில்லை.

இனி அழுமூஞ்சிக்கு வருவோம். அந்த நானூற்றுச் சொச்சத்தில் அதுவும் ஒன்று. விளையாட்டில் அதற்கு வாயில் நுழையாத வேறொரு பெயர். பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் வைத்த பெயர் இது. சேற்று நிறம், கழுத்து கிடையாது, வாத்துக் கால், கீழுதடு முன்னால் பிதுங்கியிருக்கும். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் களத்துக்கே வரும். எதிரி தீயைக் கக்குவான், இடியை இறக்குவான். இது உட்கார்ந்து அழும். அதற்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

ஆனால் அதை வரிசையில் முதலாவதாகவே நிறுத்தி, நூறு ஆட்டம் முழுசாகத் தோற்றால், நூறாவது தோல்வியில் அது எழுந்து நிற்கும். கையைக் கண்ணிலிருந்து எடுக்கும். தண்ணீர் லாரி அளவுக்கு வளர்ந்துவிடும். அதன்பிறகு யார் அடித்தாலும் அந்த அடி இரண்டு மடங்காக அடித்தவனுக்கே திரும்பிப் போகும். எழுந்து நின்றுவிட்ட அழுமூஞ்சியை ஆட்டக்காரர்கள் 'பெரியவர்' என்பார்கள். மரியாதையோடுதான் சொல்வார்கள், ஏனென்றால் கிட்டத்தட்ட யாரிடமும் அது இல்லை. நூறு தோல்வி என்றால் சும்மாவா? நடுவில் ஒரே ஒரு தடவை மெஷினை அணைத்துத் தப்பித்தால்கூட எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிடும். இவரும் நாலு தரம் முயன்று பார்த்தார். நாலு தரமும் முதல் ஆட்டத்தையே தாண்டவில்லை. கட்டைவிரல் அவரைக் கேட்காமல் தன் வேலையைச் செய்துவிட்டது.

இருந்தாலும் அவரிடம் ஒரு பெரியவர் உண்டு. அது அவரிடம் வந்த விதத்தை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் காது மடல் சுடும்.

வளர்த்தது அவர் மனைவி. பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். பொழுது போகட்டும் என்று இவர்தான் தம்முடைய பழைய மெஷினைக் கொடுத்தார். எந்த ஜந்து பலசாலி, எது சோப்ளாங்கி என்று அவளுக்கு என்ன தெரியும்? முதல் புதரில் அழுமூஞ்சி வந்தது, பிடித்துக்கொண்டாள். "பாவம்ங்க, கண்ணப் பொத்திக்கிட்டே நிக்குது. எங்க டாக்டர்கிட்ட பல்லுப் புடுங்க வர்றவங்க மாதிரியே இருக்கு" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து தோற்க ஆரம்பித்தாள். தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று தோற்றாள். நூறு தோற்றால் எழுந்து நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்; ஆனால், இரண்டு நாளில் அலுத்துப் போய்விடுவாள், சொல்லி என்ன என்று விட்டுவிட்டார்.

"வேற ஜந்த முன்னாடி வை, ஜெயிக்கலாம்" என்றார் ஒரு நாள்.

"இதப் பின்னாடி தள்ளினா இன்னும் அழும்ல?"

ஒவ்வொரு தோல்விக்கும் மாவுக்கட்டின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். பின்னால் கட்டுப் பிரித்தவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஜெயில்ல இருந்தீங்களா?" என்று கேட்டாராம். தோல்வியைப் பற்றி அவளுக்கு அந்த ஆறு வாரத்தில் சில விஷயங்கள் பிடிபட்டிருந்தன. "மொத பத்துப் பதினஞ்சு தடவை கோவம் வருதுங்க. நாப்பதுக்கு மேல சிரிப்பு வந்துடுது. அப்புறம் எதிர்ல இருக்கறவன் என்ன பண்றான்னு நிதானமாப் பாக்க ஆரம்பிச்சுடறோம்" என்றாள். இவர் டிவியைப் பார்த்தபடி "ம்" என்றார். ஆனால் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்.

கட்டுப் பிரிப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அழுமூஞ்சி எழுந்து நின்றுவிட்டது. அன்று சாயங்காலமே இவர் தம் மெஷினைக் கொண்டுவந்து அவள் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ரெண்டு நாள் குடு. சும்மா பாத்துட்டுத் தரேன்." விளையாட்டின் விதிப்படி ஒரு ஜந்தைக் கொடுத்தால்தான் ஒரு ஜந்தை வாங்கலாம். இவர் பதிலுக்குக் கொடுத்தது ஒரு காகிதப்பூச்சி. எந்தப் புதரை உதைத்தாலும் பத்துப் பறக்கும், அந்த ரகம்.

இரண்டு நாள் மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவள் திருப்பிக் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு தரம், துணி மடித்துக்கொண்டே, "எங்க அழுமூஞ்சி நல்லாருக்கா?" என்றாள், கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி விசாரிக்கிற மாதிரி. "ம், இருக்கு" என்றார். அத்தோடு சரி. அந்தக் காகிதப்பூச்சியை அவள் இன்னும் வரிசையில் முதலாவதாக வைத்திருக்கிறாள். பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது விளையாடி விளையாடி, ஒரு காகிதப்பூச்சியால் இவ்வளவு முடியுமா என்று கேட்கும்படி அதை வளர்த்துவிட்டாள். அவள் குளிக்கப் போயிருந்தபோது ஒரு நாள் இவர் எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு, தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் வருஷம் ஒரு தடவை அவள் மெஷினுக்குப் புது உறை வாங்கிக் கொடுக்கிறார். "பழசே நல்லாத்தானேங்க இருக்கு?" என்பாள் அவள்.

இதில் இன்னொரு வேடிக்கை, பெரியவரை அவர் இதுவரை களத்தில் இறக்கியதே இல்லை. அடி வாங்கினால்தான் அது திருப்பி அடிக்கும். அந்த முதல் அடி விழுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சும்மா எடுத்துப் பார்ப்பார், மற்றவர்களுக்குக் காட்டுவார், மூடி வைத்துவிடுவார்.

எடுத்ததோடு நின்றிருந்தால், புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்கிற சமாசாரம் என்று போயிருக்கும். காட்டப் போனதில்தான் வினை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொது நூலகத்து மாடி ஹாலில் இந்த விளையாட்டுக்காரர்கள் கூடுவார்கள். முப்பது நாற்பது பேர். மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறவர், ஒரு நர்ஸ் அக்கா, தையல்கடைக்காரர், கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் என்று கலவையான கூட்டம். இவர் முதல் தடவை அங்கே போய் மெஷினைத் திறந்தபோது, தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"அண்ணே! நூறு தடவை தோத்தீங்களா!"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். 'எங்க வீட்டுல வளத்தது' என்று சொல்லியிருந்தால் அதைவிடப் பெருமையாகக்கூட இருந்திருக்கும். இவர் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "தோக்கத் தெரியணும்ப்பா" என்றார்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் துணிச்சல் வரவில்லை. அன்றிலிருந்து அங்கே அவர் 'கண்ணாடி அண்ணன்'. அவருக்கென்று ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அவர் வந்த பிறகுதான் தேநீர். யாராவது தோற்றுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நாலு பேர் ஒரே குரலில் "தோக்கத் தெரியணும்ப்பா" என்பார்கள். அவர் மட்டும் அங்கே யாரோடும் மோதுவதில்லை. "நான் ஆடினா நல்லாருக்காது, நீங்க ஆடுங்க" என்பார். அதையும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் அட்டையைக் காட்டி, தோல்வியே இல்லை என்பார். இன்னொரு வாரம் பெரியவரைக் காட்டி, நூறு தோல்வி என்பார். இரண்டும் ஒரே ஆளுக்குப் பொருந்தாது என்பது கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை, சொன்னவருக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் ஒருவர் கடைக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார். லாரி ஓட்டுகிற லைசென்ஸுக்கு நாலு தடவை போய் நாலு தடவையும் தோற்றவர். "நீங்க நூறு தடவைன்னாங்கண்ணே. நான் நாலுக்கே ஒடஞ்சு போயிட்டேன்" என்று பின்னறை வாசலில் நின்றார். அவரை முக்காலியில் உட்காரவைத்து, முதல் பதினைந்துக்குக் கோபம் வரும், நாற்பதுக்கு மேல் சிரிப்பு வரும் என்று இவர் நின்றுகொண்டே எடுத்துச் சொன்னார். ஐந்தாவது தடவை அந்த மனிதர் தேறிவிட்டார். லாரியைக் கடை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தி, ஒரு பெரிய பாக்கெட் பிஸ்கட்டைக் கொடுத்து, இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிஸ்கட்டைப் பிரிக்காமலே முன்புறத்தில் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு எடுத்துப் போனால், யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று அவள் கேட்பாளே.

இந்த மாதம் நர்ஸ் அக்கா ஒரு யோசனை சொன்னாள். புதிதாகச் சேருகிறவர்கள் இரண்டு தோல்விக்கே மெஷினை விற்றுவிட்டுப் போகிறார்கள். அண்ணன் அவர்களுக்கு அரை மணி நேரம் பேசினால் என்ன? அண்ணன் மறுத்துப் பார்த்தார். மறுக்க மறுக்க அடக்கம் என்று கொண்டாடினார்கள். அழைப்பு ஒன்று தயாரித்து எல்லோருடைய போனுக்கும் அனுப்பினார்கள்: 'தோக்கத் தெரியணும் - கண்ணாடி அண்ணன் பேசுகிறார்.' கீழே அவருடைய படமும் இருந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, அது பல் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விட்டது.

"நீங்களா? தோக்கறதப் பத்தியா?" சிரிப்பை அடக்க முடியாமல் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "கேரத்துல ஒரு காய் போனா போன் வந்துடும் உங்களுக்கு!"

"சும்மா ஏதோ பேசச் சொன்னாங்க."

"நானும் வர்றேன்."

"அங்க ஒரே சத்தமா இருக்கும்."

"லைப்ரரியிலயா?"

"மாடி ஏறணும். உன் காலு..."

"காலு சரியாகி மூணு வருஷம் ஆச்சுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். 'அது நீ வளத்தது. நான் வளத்தேன்னு அங்க சொல்லி வெச்சிருக்கேன்.' கடையிலிருந்து வீடுவரை நடந்து வரும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். போய் நிலைப்படியில் நின்றார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. குழாய் ஒழுகுதா?"

"ஒழுகலையே."

இருந்தாலும் குனிந்து ஐந்து நிமிஷம் அதைத் திருகிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அது ஒழுக ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டு அவள் அவருக்கு முன்னாலேயே தயாராகிவிட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து காகிதப்பூச்சியை விளையாடிக்கொண்டு வந்தாள். இவர் வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே கடைப்பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார். ஹாலில் எட்டு வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள். முன்னால் உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்று அவர் பயந்ததற்கு மாறாக, யாருக்கும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளாமல் அவள் நேரே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். முன்னால் ஒரு மேசை, ஒரு வெள்ளைத் திரை, நூலகத்துக்குச் சொந்தமான ஒயர் வைத்த பழைய மைக்.

பேசினார். நன்றாகவே பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசி வரிசைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பேசினார். தோற்கிறபோது ஆட்டத்தை விட்டு ஓடக்கூடாது என்றார். மூன்றாவது வரிசையில் ஒருவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "மொத பத்துப் பதினஞ்சு தடவை கோவம் வரும். நாப்பதுக்கு மேல சிரிப்பு வந்துடும்" என்றபோது, மூன்று வருஷமாக எத்தனையோ பேரிடம் சொன்ன அந்த வார்த்தைகள் முதல் தடவையாக அவர் காதில் அவள் குரலில் விழுந்தன. கண் கடிகாரத்திலிருந்து தானாகக் கீழே இறங்கிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. வாயைத் திறந்து காட்டுகிறவரிடம் எந்தப் பல் சொத்தை என்று தேடுகிறவர்கள் பார்க்கிற மாதிரி, பொறுமையாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவரைப் பெரிசாப் பாக்கணும்ணே" என்று நர்ஸ் அக்கா அவர் மெஷினை வாங்கித் திரையோடு இணைத்துவிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். வெள்ளைத் திரை முழுக்கப் பெரியவர் வந்து நின்றார். எல்லோரும் 'ஓ' என்றார்கள். பக்கத்திலேயே, ஆளுயரத்துக்கு, அவருடைய அட்டையும் வந்து நின்றது. கையடக்கத் திரையில் இரண்டும் தனித்தனிப் பக்கம். பெரிய திரையில் ஒன்றாகத் தெரியும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மீட்டர் ரீடிங் எடுக்கிறவர் கையைத் தூக்கினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத மனிதர். நாள் முழுக்க எண்களைப் படித்துப் படித்து, எங்கே எண்ணைக் கண்டாலும் படித்துவிடுகிற பழக்கம்.

"அண்ணே, அட்டையில தோல்வி சைபர்னு இருக்கே. அப்ப இந்த நூறு எங்க போச்சு?"

"அது வந்து..." என்றார் இவர். கட்டைவிரல் மெஷினின் மேல்பக்கத்துக்குப் போய்விட்டிருந்தது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிட்டு 'சார்ஜ் போச்சு' என்று சொல்லத் தயாராக இருந்த தம் விரலை அவரே பார்த்தார். உடம்பெல்லாம் கூசியது.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"அது பழைய மெஷின்ல தோத்ததுங்க" என்றாள் அவள், எழுந்து நின்று. "நான் பக்கத்துலயேதான் இருந்தேன். நூறையும் பாத்தேன்."

"நீங்க..."

"அவங்க வீட்டுல."

"அண்ணியா! அப்ப சரிங்கண்ணி" என்று மீட்டர்காரர் கையைக் கீழே போட்டார். தையல்கடைக்காரர் கைதட்ட ஆரம்பித்தார்; ஹால் முழுக்கத் தட்டியது.

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தால், கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால், அவரும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். தன்னுடைய நூறு தோல்வியையும் எடுத்து அவருடைய மானத்தின்மேல் போர்த்திவிட்டு, அவள் பாட்டுக்கு உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கைதட்டல் நிற்கிறவரை அவர் தலை நிமிரவில்லை.

முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண். புதிதாகச் சேர்ந்தவள். "அண்ணே, நூறாவது தடவை அது எந்திரிக்கறப்ப எப்படி இருக்கும்? கைய எடுத்ததும் மொதல்ல என்ன பண்ணும்?" என்று ஆசையோடு கேட்டாள்.

அது ஒரே ஒரு முறைதான் நடக்கும், மெஷினைக் கையில் வைத்திருப்பவரின் கண்முன்னால் மட்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால், அது எழுந்து நின்ற அன்று மதியம், அவர் மனைவி கடைக்குப் போன் செய்தாள். "ஏங்க, இது எந்திரிக்குதுங்க! கைய எடுக்குது! நான் சொல்றேன், கேளுங்க..." இவர், "கஸ்டமர் இருக்காங்க, வை" என்று வைத்துவிட்டார். கஸ்டமர் யாரும் இல்லை. ஓர் ஆட்டம் ஜெயிக்கிற நிலையில் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜந்தைத்தான் கேட்டார். அது எப்படி எழுந்தது என்று கேட்கவில்லை. இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

பூசி மெழுகிவிடலாம். அழகாக இருக்கும், கண்ணீரைத் துடைத்துக்கொள்ளும் என்று எதையாவது சொன்னால் அந்தப் பெண் நம்பிவிடுவாள். கடைசி வரிசையும் வாயைத் திறக்காது. அது திறக்காது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் மைக்கில். "நான் அப்ப அங்க இல்ல."

அண்ணன் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் மெஷினை மேசைமேல் வைத்தார். மைக்கைத் தாங்கியிலிருந்து உருவிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே கடைசி வரிசையைப் பார்த்து நடந்தார். ஆறாவது வரிசையில் ஒயர் விறைத்துக்கொண்டது. ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். அதற்கு மேல் வரவில்லை. அங்கேயே நின்று, ஏழாவது வரிசைக்காரர்களின் தலைக்கு மேலாக மைக்கை அவள் பக்கம் நீட்டினார். ஹாலே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து இரண்டடி வந்தால்தான் அது அவள் கைக்கு எட்டும். அவள் பையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுகையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, நீட்டிய கையை மடக்காமல் அவர் நின்றார்.